மலைநாட்டில் சைக்கிளோடு பஸ் ஏறுவது எப்படி

மலைநாட்டுக்கு சைக்கிளில் வர நினைப்பவர்கள் முதலில் கிலோமீற்றரைத்தான் பார்ப்பார்கள். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஓட்டிப் பழகியவருக்கு அது அரை நாள் வேலை. ஆனால் கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர். பைகளைக் கட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தை மிதித்தால் ஒரு முழு நாள் போய்விடும், மறுநாள் கால் பேச்சுக் கேட்காது. பஸ்ஸில் மூன்று மணி நேரம் மட்டில்.

நீண்ட சைக்கிள் பயணத்தில் பஸ் ஏறினால் அது பயணமே இல்லை என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். லீவு நிறைய உள்ளவர்கள் அப்படியே செய்யட்டும். நாலைந்து நாள் லீவில் வருகிறவர், கம்பளையில் லொறிப் புகையைக் குடித்துக்கொண்டு அரை நாளைக் கழிப்பதைவிட, அந்த நேரத்தை அப்புத்தளைப் பக்கம் தோட்டத்து ரோட்டில் செலவழிப்பது நல்லது என்பது என் கட்சி. எந்தத் துண்டை மிதிப்பது, எந்தத் துண்டை பஸ்ஸுக்கு விடுவது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு வாருங்கள். நடுவழியில் களைத்துப் போய் கைகாட்டினால் எந்த பஸ்ஸும் சைக்கிளோடு ஏற்றாது.

எந்தத் துண்டுக்கு பஸ்

இரண்டு வகைத் துண்டுகளை யோசிக்காமல் பஸ்ஸுக்குக் கொடுத்துவிடலாம். ஒன்று, பிரதான வீதியில் வாகன நெரிசலோடு வரும் நீண்ட ஏற்றம். மற்றது, மலைக்கு முன்னால் வெயிலில் காயும் சமவெளி.

கண்டிப் பக்கமிருந்து வந்தால் பேராதனை, கெலிஓயா, கம்பளை வரை ஒரே கடைத்தெருதான். நெரிசலைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை. புசல்லாவைக்குப் பிறகுதான் மலை மலையாகத் தெரியத் தொடங்கும். கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு அவிசாவளை, கித்துள்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டன் ஏறும் வீதி. கித்துள்கலை வரை ஆற்றோரமாக ஓட்ட அழகான வீதிதான், ஆனால் அங்கே நின்று பஸ் பிடிக்க முடியாது. கொழும்பிலிருந்து வருகிற பஸ் எல்லாம் அதற்குள் நிரம்பியிருக்கும். ஆகவே கொழும்பிலேயே ஏறி ஹட்டனில் இறங்குங்கள். தெற்கிலிருந்து வந்தால் வெல்லவாயவிலிருந்து எல்ல வரையுள்ள ஏற்றம்: முப்பது கிலோமீற்றருக்கும் குறைவு, ஆனால் 800 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும், வளைவுகளில் சுற்றுலா வான்கள் நெருக்கும்.

மட்டக்களப்புக்காரருக்கு செங்கலடியில் தொடங்கி மஹாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு வரும் வீதி இருக்கிறது. பிபிலை வரைக்கும் வெயில், அந்தி சாய்ந்தால் யானை. அதை பஸ்ஸிலேயே கடந்துவிடுங்கள்.

பஸ்ஸுக்குக் கொடுக்கவே கூடாத துண்டுகளும் உண்டு. ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வரை: டெவோன், சென் கிளயார் இரண்டு நீர்வீழ்ச்சியும் வீதியிலிருந்தே தெரியும், நினைத்த இடத்தில் நிற்கலாம். நுவரெலியாவிலிருந்து ஹக்கலை, கெப்பட்டிபொல, வெலிமடை வழியாகப் பண்டாரவளை: பெரும்பகுதி இறக்கம், மரக்கறித் தோட்டங்கள், ஒரு பக்கம் ஊவாவின் திறந்த வெளி. அப்புத்தளையிலிருந்து டம்பேதன்ன தொழிற்சாலை வரை மலை விளிம்பிலேயே போகும் ஒடுங்கிய ரோடு. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை அது. அங்கிருந்து லிப்டன் சீட்டுக்கு இன்னும் ஏழு கிலோமீற்றர் ஏற வேண்டும். காலில் சேமித்து வைத்த பலத்தை அங்கே செலவழியுங்கள். விடியப் புறப்பட்டால் கொழுந்து எடுக்கப் போகிறவர்களோடு சேர்ந்து ஏறலாம். பத்து மணிக்குப் பிறகு அங்கே பனி மூடி எதுவும் தெரியாமல் போவது வழமை.

மழையையும் பார்த்துத்தான் துண்டைப் பிரிக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். அதே நாட்களில் மலையைத் தாண்டி வெலிமடைக்கு இறங்கினால் வெயில் காயும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை இது அப்படியே தலைகீழ்: பதுளைப் பக்கம் மழை, ஹட்டன் பக்கம் பரவாயில்லை. நனைகிற பக்கத்தை பஸ்ஸில் கடந்து, காய்ந்த பக்கத்தில் சைக்கிளை இறக்கினால் ஒரே பயணத்தில் இரண்டு காலநிலையையும் சமாளிக்கலாம். மார்ச், ஏப்ரலில் எந்தப் பக்கமானாலும் பிற்பகலில் இடி மழை வரும். அதனால் காலையில் மிதித்து, மதியத்துக்குப் பிறகு பஸ் ஏறுவது அந்த மாதங்களுக்குச் சரி.

நாளும் நேரமும்

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் எந்த பஸ்ஸிலும் கால் வைக்க இடம் இருக்காது, சைக்கிளைப் பற்றிப் பேசவே வேண்டாம். விடியற்காலை முதல் பஸ் அல்லது இரண்டாவது பஸ்தான் நமக்கு. அதை விட்டால் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில்.

தோட்ட டவுன்களில் சம்பள நாளும் ஞாயிற்றுச் சந்தையும் தனிக் கணக்கு. மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை எல்லாம் ஜனம் நிரம்பி வழியும். அரிசி மூட்டைக்கே டிக்கியில் இடம் போதாது. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்திய நாட்களில் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்புவார்கள். அந்த நாட்களில் கொழும்பு–ஹட்டன், கொழும்பு–பதுளை பஸ்ஸில் சைக்கிளைக் கொண்டுபோய் நிற்பது நியாயமும் இல்லை. ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம், வீதி முழுக்கக் கார். டிசம்பர்ப் போயா (பௌர்ணமி) முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி பஸ்களை, முக்கியமாகப் போயா நாட்களிலும் சனி ஞாயிறிலும், யாத்திரை போகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

இரவு பஸ் வேண்டாம். நேரம் மிச்சம் என்று தோன்றும், ஆனால் இந்த வளைவுகளில் இரவுப் பயணம் ஆபத்தானது. 2025 மே 11 அதிகாலையில் கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் போனார்கள். நெருக்கமாக ஆட்களை ஏற்றிய பஸ்ஸையும் பகலில்கூடத் தவிருங்கள்.

எந்த பஸ், எங்கே ஏறுவது

சிவப்பு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் எனக்கு முதல் விருப்பம். பெரிய பஸ், பின்னால் டிக்கி இருக்கும், ஆள் பிடிக்க அவ்வளவாக அவசரப்படமாட்டார்கள். தனியார் சாதாரண பஸ்ஸிலும் ஏற்றலாம், அங்கே எல்லாம் கொண்டக்டரின் மனதைப் பொறுத்தது. வேகமாகவும் போகும், அதுவே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். ஏசி போட்ட சின்ன பஸ்களை மறந்துவிடுங்கள். அவற்றில் ஒரு பெரிய பை வைக்கவே இடமில்லை, பைக்கும் ஒரு சீட் காசு கேட்பார்கள்.

பஸ் புறப்படுகிற ஸ்டாண்டிலேயே ஏறுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஸ்டாண்டில் பஸ் அரை மணி நேரமாவது நிற்கும். டிக்கி வெறுமையாக இருக்கும். கொண்டக்டர் தேநீர் குடித்துக்கொண்டு நிதானமாக இருப்பார். வழியில் கைகாட்டி நிறுத்தினால் அவருக்கு நம்மைப் பார்க்கவே நேரமில்லை. இதனால்தான் எல்லவில் பஸ் ஏற வேண்டாம் என்கிறேன். அங்கே சந்தியில் வருகிற பஸ் எல்லாம் எங்கிருந்தோ நிரம்பி வருபவை. பண்டாரவளைக்கோ பதுளைக்கோ சைக்கிளில் போய் ஸ்டாண்டில் ஏறுவது லேசு. கண்டியில் நுவரெலியா பஸ் குட்ஷெட் பக்கமா, மணிக்கூட்டுக் கோபுரப் பக்கமா என்று முதல்நாள் மாலையே போய்க் கேட்டு வையுங்கள், அங்கே இடங்கள் மாறுவதுண்டு.

ரயில்? பாதை ஒழுங்காக ஓடுகிற காலத்தில் சைக்கிளைப் பார்சலாகப் பதிந்து பொதிப் பெட்டியில் ஏற்றலாம், பஸ்ஸைவிடப் பத்திரம். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையையும் வீதிகளையும் பல இடங்களில் சரித்துப் போட்டது. அதனால் ரயிலை நம்பித் திட்டம் போடுவதற்கு முன் அந்தத் துண்டில் ரயில் ஓடுகிறதா என்று ஸ்டேஷனில் கேளுங்கள். பஸ்ஸுக்கும் இதே கேள்வி உண்டு: நேர் வீதியில் போகிறதா, சுற்றிப் போகிறதா? மண்சரிவு எச்சரிக்கை இருக்கிற நாளில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்தால் வீதி நிலைமை தெரியும்.

கொண்டக்டரிடம் பேசுவது

சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்திவிட்டுக் கேட்காதீர்கள். கழற்றிக் கட்டித் தயாராக ஓரமாக வைத்துவிட்டுப் போங்கள். முழு சைக்கிளைப் பார்த்தால் எந்தக் கொண்டக்டரும் முடியாது என்றுதான் சொல்வார். ஒரு கட்டாகப் பார்த்தால் டிக்கியைத் திறந்து பார்ப்பார்.

"அண்ணே, கழட்டிக் கட்டின சைக்கிள் ஒன்னு இருக்கு, நுவரெலியா வரைக்கும். டிக்கியில போடலாமா?"

"வழியில எங்கயும் இறங்கமாட்டீங்களே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வழியில் இறங்குவதானால் அப்போதே சொல்லிவிட வேண்டும். உங்கள் சைக்கிளுக்கு மேல் லீக்ஸ் மூட்டையும் கோவா மூட்டையும் ஏறிவிட்டால், றம்பொடையில் அதை வெளியே எடுக்கக் கால் மணி நேரம் போகும், முழு பஸ்ஸும் உங்களைத் திட்டும்.

கொண்டக்டருக்குத் தமிழ் வராவிட்டால், "பைசிகல் எக டிக்கியே தாண்ட புளுவன்த?" என்று கேளுங்கள். "புளுவன்" என்றால் போடலாம், "பே" என்றால் அடுத்த பஸ். "பே" என்றவரிடம் வாதாடுவதில் பயனில்லை. காசை ஏற்றும் முன்பே பேசி முடியுங்கள்: "கீயத?" (எவ்வளவு?) இன்னொரு ஆளின் டிக்கட் அளவுக்குக் கேட்டால் நான் நியாயம் என்று எடுத்துக்கொள்வேன். அதற்கு மேலே கேட்டால் சிரித்துக்கொண்டே குறைக்கச் சொல்வேன். பஸ் கட்டணம் ஆண்டுதோறும் ஜூலையில் திருத்தப்படுவதால் பழைய தொகையை மனதில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். டிக்கட்டைக் கேட்டு வாங்கிப் பையில் வையுங்கள். தனியார் பஸ்ஸில் உண்மையிலேயே அநியாயம் நடந்தால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்குச் சொல்ல பஸ் இலக்கம் வேண்டும்.

கழற்றிக் கட்டுவது

இதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஸ்டாண்டில் பத்துப் பேர் சுற்றி நின்று ஆலோசனை சொல்வார்கள், அதையும் சேர்த்து அரை மணி.

முதலில் பின் கியரைப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். அப்போது செயினை மாற்றும் கியர்க் கை (டிரேலியர்) உள்பக்கம் ஒடுங்கிவிடும், மூட்டை அழுத்தினாலும் வளையாது. அடுத்து, கழன்று விழக்கூடியதையெல்லாம் கழற்றுங்கள்: பைகள், தண்ணீர்ப் போத்தல், பம்ப், லைட். இவை உங்களோடு உள்ளே வர வேண்டும். டிக்கியில் விட்டால் தேடிப் பிரயோசனமில்லை.

பெடல் இரண்டையும் கழற்றுங்கள். பலர் இங்கேதான் சிக்குவார்கள். இடது பெடலின் மரை எதிர்த் திசை. குழம்பாமல் இருக்க ஒரு வழி: 15 மில்லிமீற்றர் ஸ்பெனரைப் பெடலில் மேல்நோக்கி மாட்டி, பின்சில்லின் பக்கம் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் அப்படித்தான் கழலும். ஊரிலிருந்து புறப்படும் முன்பே ஒருமுறை கழற்றிக் கிரீஸ் பூசி மாட்டிக்கொண்டு வந்தால் ஸ்டாண்டில் ஸ்பெனரில் ஏறி நிற்க வேண்டியதில்லை.

பிறகு முன்சில்லு. இதைக் கழற்றாமல் பல பஸ்களின் டிக்கிக் கதவு மூடாது. டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளானால், சில்லைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கு இடையில் மடித்த அட்டைத் துண்டைச் செருகுங்கள். சில்லு இல்லாத நேரத்தில் யாராவது பிரேக்கை அமுக்கினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், மலை உச்சியில் நின்று அதைப் பிரிக்க முடியாது. ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் இடையில் ஒரு மரத்துண்டை வைத்துக் கட்டுங்கள். லுமாலா போன்ற நட் போட்ட சைக்கிளானால் நட்டுகளையும் வாஷர்களையும் மறுபடி அதே அச்சில் முறுக்கிவிடுங்கள், பொக்கெட்டில் போடாதீர்கள். ஸ்டெம் போல்ட்டை அலன் கீயால் தளர்த்தி ஹாண்டிலைச் சட்டத்துக்கு இணையாகத் திருப்பி, திரும்ப இறுக்குங்கள்.

கட்டுவதற்குப் பழைய டியூபை நீளமாக வெட்டி எடுத்து வாருங்கள். கயிறு வழுக்கும், டியூப் பிடித்தால் விடாது. முன்சில்லைச் சட்டத்தின் இடது பக்கம் வைத்து மூன்று இடத்தில் கட்டுங்கள். செயின் இருக்கிற வலது பக்கத்துக்கு ஓர் உரப்பையை வெட்டிச் சுற்றுங்கள். இது சைக்கிளுக்காக இல்லை, பக்கத்தில் இருக்கப்போகிற யாரோ ஒருவருடைய புதுத்துணிப் பைக்காக. அந்தப் பை கறைபட்டால் அடுத்த சைக்கிள்காரருக்கு அந்தக் கொண்டக்டர் "பே" என்றுதான் சொல்வார்.

டிக்கியில் உதிரி டயர், ஜக், ஈரத் தார்ப்பாய் எல்லாம் கிடக்கும். டயருக்கு மேல் சைக்கிளைப் படுக்க வையுங்கள், செயின் பக்கம் மேலே பார்க்க. ட்ரைவருக்கு வழியில் உதிரி டயர் தேவைப்படலாம் என்பதால் அதோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். டிக்கியின் ஏதாவது ஒரு கம்பியில் ஒரே ஒரு முடிச்சு போதும், வளைவில் உருளாது. டிக்கி இல்லாத பஸ்ஸானால், கூட்டமில்லாத நேரத்தில், கடைசி நெடுஞ்சீட்டின் மூலையில் நிமிர்த்தி வைக்கவிடுவார்கள். அப்போது நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

பஸ்ஸுக்குள்

பின் பக்கம், டிக்கிக்கு மேலே உள்ள சீட்டில் உட்காருங்கள். டிக்கி திறக்கிற சத்தம் கேட்கும், ஜன்னலால் எட்டிப் பார்க்கலாம். முன் வரிசைச் சீட்டு மதகுருமாருக்கானது, வெறுமையாகக் கிடந்தாலும் அங்கே சாமானை வைக்காதீர்கள். ஏற்றத்தில் வளைவுகள் தொடங்கியதும் சிலருக்குத் தலை சுற்றும். வெறும் வயிற்றிலும் வேண்டாம், சோறு நிரம்பச் சாப்பிட்டுவிட்டும் வேண்டாம். இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். மலைநாட்டு பஸ்களில் கொண்டக்டரிடமே பொலித்தீன் பை இருக்கும், வெட்கப்படாமல் கேட்கலாம்.

லபுக்கலை தாண்டினால் குளிர் ஏறும். ஜம்பரைச் சைக்கிள் பைக்குள் அடியில் வைத்துவிடாமல் மேலே வையுங்கள். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து, டிக்கியில் சைக்கிள் இருக்கிறது என்று கொண்டக்டருக்கு நினைவூட்டுங்கள். அவர் காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்தவர், உங்களை மறந்திருப்பார். இறங்கி டிக்கிப் பக்கம் போவதற்குள் மணியடித்துவிட்டால் அப்புறம் ஒரு த்ரீவீலர் பிடித்து பஸ்ஸைத் துரத்த வேண்டியதுதான்.

இறங்கியதும்

ஸ்டாண்டின் நடுவில் பூட்டத் தொடங்காதீர்கள், பஸ்கள் பின்னோக்கி வரும். ஒரு கடையோரமாக நகருங்கள். முன்சில்லு, ஹாண்டில், பெடல் என்ற வரிசையில் பூட்டுங்கள். ஹாண்டில் நேராக இருக்கிறதா என்பதை முன்சில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்சில்லை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹாண்டிலை முறுக்கினால் அசையக் கூடாது.

பிரேக்கைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஏறி வந்தவருக்கு அடுத்தது இறக்கம். மிதித்து ஏறியவருக்கு வழியெல்லாம் சைக்கிளின் குணம் தெரிந்திருக்கும், நமக்கு அது இல்லை. சில்லைத் தூக்கிச் சுழற்றுங்கள். உரசினால் சில்லு சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி வையுங்கள். பிரேக் லீவர் ஹாண்டிலைத் தொடுமளவுக்குப் போனால் கேபிளை இறுக்காமல் புறப்படாதீர்கள். தட்டையான ரோட்டில் நூறு மீற்றர் போய் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் ரிம் சூடேறி டியூப் போகும். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, வளைவில் விட்டு, மாறி மாறிப் போக வேண்டும். பாரம் கட்டிய சைக்கிளுக்கு இது இன்னும் அவசியம்.

இறுக்கிய போல்ட்டுகள் முதல் சில கிலோமீற்றரில் கொஞ்சம் உட்காரும். அதனால் சீக்கிரமே ஒருமுறை நின்று ஸ்டெம் போல்ட்டையும் பெடல்களையும் திரும்ப இறுக்குங்கள். நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் இறங்குபவர்களுக்கு சீத்தா எலியவில் சீதையம்மன் கோயில் வாசல் அதற்குத் தோதான இடம். வீதியோரம் நிற்க இடமுண்டு, ஹக்கலை இறக்கம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.